வாசகர் கேள்வி – பதில்: ஒருமுறை பூசினால் ஆயுளுக்கும் போதுமா?

கேள்வி: என் மகன் ஆண்டுதோறும் பிப்ரவரியில் எட்டுப் பத்து நாள் காஷ்மீரின் குல்மர்க் சென்று பனிச்சறுக்கு ஆடிவருகிறான். சொந்தமாக ஒரு ஜோடி ஸ்கீ (பனிச்சறுக்குப் பலகை) வைத்திருக்கிறான். ஒவ்வொரு முறையும் அதன் அடியில் மெழுகை உருக்கித் தேய்த்துச் சுரண்டுவதற்குள் சமையலறை பாழாகிவிடுகிறது. ஒருமுறை பூசினால் மறுபடி மெழுகே தேவையில்லை என்று ஒரு பூச்சு விற்கிறதாம். வாங்கித் தரலாமா?
— வாசகி, வெலிங்டன் (நீலகிரி)

பதில்: அப்படி ஒரு பூச்சு இருப்பது உண்மைதான். அமெரிக்காவின் டிபிஎஸ் என்ற ஸ்கீ நிறுவனம் 2017-இல் ‘ஃபாண்டம்’ என்ற பெயரில் அதை அறிமுகப்படுத்தியது. ஆனால் உங்கள் மகனுக்கு அது தேவையா என்பது வேறு கேள்வி.

ஸ்கீயின் அடிப்பரப்பு பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக்கால் ஆனது. மெழுகும் அதே ஹைட்ரோகார்பன் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதால், சூடுபடுத்தித் தேய்க்கும்போது அதில் ஒரு பகுதி பிளாஸ்டிக்கின் மேலடுக்குக்குள் இறங்கிப் பிடித்துக்கொள்கிறது. பலகை ஓடும்போது உராய்வுச் சூட்டில் பனி இம்மியளவு உருகி மெல்லிய நீர்ப்படலமாகிறது. அந்த நீர் ஒட்டாமல் விலகுவதற்கும், பனித்துகள்களின் கூர்முனைகள் பிளாஸ்டிக்கில் குத்திப் பிடிக்காமல் இருப்பதற்கும் மெழுகு உதவுகிறது. அதே பனித்துகள்கள்தாம் மணல்தாள் போல மெழுகைத் தேய்த்தும் விடுகின்றன. அதனால்தான் சில நாள் ஆட்டத்திலேயே விளிம்பை ஒட்டிய பகுதி சுண்ணாம்பு தடவியதுபோல் வெளுத்துப்போகிறது.

புதிய பூச்சு மேலே படிந்து நிற்பதன்று. திரவமாகப் பூசினால் பிளாஸ்டிக்குக்குள் ஊடுருவி, அங்கேயே இறுகிவிடுகிறது என்கிறார்கள் தயாரிப்பாளர்கள்; முதலில் வந்த வகை இறுகுவதற்கு வெயிலின் புற ஊதாக் கதிர் பட வேண்டியிருந்தது. (குன்னூர்ப் பக்கத்து மூடுபனியில் அதற்கு வெயில் தேடுவது தனிக்கதை.) பூசுவதற்கு முன் பழைய மெழுகு சிறிதும் இல்லாமல் துடைத்தெடுக்க வேண்டும், இல்லையென்றால் பூச்சு உள்ளே இறங்காது. இதன் பெரிய வசதி, பனியின் குளிர்நிலைக்கு ஏற்ப மெழுகு மாற்றும் தொல்லை இல்லாததுதான். குல்மர்க் ஊர் ஏறக்குறைய நம் தொட்டபெட்டா உச்சியின் உயரத்தில், 2,650 மீட்டரில் இருக்கிறது. கம்பிவட ஊர்தியின் மேல்நிலையமோ 4,000 மீட்டரை நெருங்குகிறது. கீழே இளகிய பனிக்கு மென்மெழுகு, மேலே உலர்ந்த கடும்பனிக்குக் கடின மெழுகு என்று ஒரே நாளில் இரண்டு வகைத் தேவை எழும் இடம் அது.

ஆயினும் பந்தய வீரர்கள் இன்றும் மெழுகைக் கைவிடவில்லை. அன்றைய பனிக்கென்றே தேர்ந்தெடுத்த மெழுகின் வேகத்தை எல்லாப் பனிக்கும் பொதுவான ஒரு பூச்சிடம் அவர்கள் எதிர்பார்ப்பதில்லை. இந்தப் பூச்சின் அருமை ஆண்டில் ஐம்பது அறுபது நாள் சறுக்குபவருக்கும், வாடகைக்கு விடுபவருக்கும்தான் தெரியும். எட்டு நாள் ஆடும் பிள்ளைக்குப் புறப்படும் முன் ஒருமுறை, நடுவில் ஒருமுறை மெழுகிட்டால் போதும். நடுவில் இடுவதை அங்குள்ள ஸ்கீ கடையிலேயே முடித்துக்கொண்டால் உங்கள் சமையலறையும் தப்பிக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்கள் மகனின் ஸ்கீ பனியில் இருப்பது பத்து நாள்; நீலகிரியின் ஈரத்தில் இருப்பது மீதி முந்நூற்றைம்பது நாள். வடகிழக்குப் பருவமழை முழுவதும் துணிப்பையோடு பரணில் கிடந்த என் ஸ்கீயை ஒருமுறை ஜனவரியில் எடுத்துப் பார்த்தபோது, எஃகு விளிம்பு நெடுகச் செம்மண் பூசியதுபோல் துரு ஏறியிருந்தது. அடிப்பரப்புக்குள் இறங்கும் பூச்சு விளிம்பைக் காக்காது. மெழுகு காக்கும்: ஊர் திரும்பியதும் நன்றாகத் துடைத்து, விளிம்பும் மூடும்படி தடிப்பாக மெழுகிட்டு, சுரண்டாமல் அப்படியே வைத்துவிடுங்கள். அடுத்த பிப்ரவரியில் சுரண்டிக்கொள்ளலாம். ஆகவே இந்த மலையில் வசிக்கும்வரை, விலையுயர்ந்த பூச்சை வாங்கினாலும் ஆண்டுக்கு ஒருமுறை மெழுகுக் கட்டியைக் கையில் எடுத்தே ஆக வேண்டும்.

கேள்வி: எங்கள் ஊரில் நல்ல தேன்மெழுகு கிடைக்கிறது. அதையே ஸ்னோபோர்டுக்கு (இரு காலையும் வைத்துச் சறுக்கும் ஒற்றைப் பலகை) தேய்க்கலாமா? வீட்டு இஸ்திரிப் பெட்டி போதுமா?
— வாசகர், கோத்தகிரி

பதில்: தேய்க்கலாம், கெடுதல் இல்லை, ஆனால் தேன்மெழுகு விரலில் உருட்டினாலே பிசுபிசுப்பது உங்களுக்கே தெரியும். வழுக்குவதில் வழக்கமான ஸ்கீ மெழுகான பாரஃபினை அது எட்டாது. கிடங்கில் வைக்கும் காலத்தில் விளிம்புக்குத் துருக்காப்பாக இடுவதற்கு மிகவும் ஏற்றது.

இஸ்திரிப் பெட்டியில்தான் கவனம் வேண்டும். வீட்டுப் பெட்டியின் சூடு சீராக நில்லாமல் ஏறி இறங்கும். அடிப்பரப்பின் பிளாஸ்டிக் சுமார் 135 டிகிரி செல்சியஸிலேயே இளகத் தொடங்கிவிடும். மெழுகிலிருந்து புகை எழுந்தால் சூடு மிஞ்சிவிட்டது என்று பொருள். பெட்டியை ஓரிடத்தில் நிறுத்தாமல் நகர்த்திக்கொண்டே இருங்கள். நீராவித் துளையுள்ள பெட்டி வேண்டாம். துளைக்குள் புகுந்த மெழுகு பிறகு வெள்ளைச் சட்டையில்தான் வெளிப்படும்.

கேள்வி: வெளிநாட்டு நண்பர் ஒருவர் ஃபுளோரின் கலந்த பழைய பந்தய மெழுகு தந்தார். நெடுநாள் உழைக்கும் என்றார். பயன்படுத்தலாமா?
— வாசகர், உதகை

பதில்: வேண்டாம். அந்த மெழுகு நெடுநாள் நிலைப்பது பலகையில் மட்டுமன்று, மண்ணிலும் நீரிலுந்தான். அதிலுள்ள ஃபுளோரின் சேர்மங்கள் இயற்கையில் எளிதில் சிதைவதில்லை. உருக்கும்போது எழும் புகையும் நுரையீரலுக்கு ஆகாது. பன்னாட்டுப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பு 2019-இல் தடையை அறிவித்து, 2023-24 பருவத்திலிருந்து தன் போட்டிகளில் முழுமையாக நடைமுறைப்படுத்தியது. டப்பாவைத் திறக்காமல் நண்பரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.