கோரைப்பாய்ப் பழக்கம் மலையில் உதவாது

திருநெல்வேலியிலிருந்து டெல்லி வந்து நான்கு மாதம் ஆகிறது, அக்டோபர் கடைசியில் ஆபீஸ் நண்பர்களோடு இமாச்சலில் திரியுண்ட் ஏறிக் கூடாரத்தில் தங்கப் போகிறோம், என்ன காற்றடைக்கும் பாய் வாங்கலாம், விருந்தாளிக்காக வீட்டில் வைத்திருக்கும் காற்று மெத்தையே போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது தம்பி.

டெல்லிக்கு வந்த புதிதில் நானும் அப்படி ஒரு தடித்த மெத்தையைத்தான் தூக்கிக்கொண்டு போனேன். ஸ்லீப்பிங் பேக் நல்லது, ஜாக்கெட்டும் நல்லது. ஆனால் நள்ளிரவுக்கு மேல் முதுகு மட்டும் ஐஸ் கட்டியில் படுத்த மாதிரி விறைத்துவிட்டது. விடியும்வரை உட்கார்ந்தே இருந்தேன்.

நம் ஊர் வெயிலுக்குச் சிமெண்ட் தரையில் கோரைப்பாய் விரித்துப் படுத்தால் இதமாக இருக்கும். உடம்புச் சூட்டைத் தரை வாங்கிக்கொள்வதால் வரும் இதம் அது. மலையிலும் தரை அதையேதான் செய்கிறது, விடிய விடியச் செய்கிறது. குளிருக்குப் பேர்போன ஊட்டியின் உயரமே 2,240 மீட்டர்தான். திரியுண்ட் 2,800 மீட்டருக்கும் மேலே. ஸ்லீப்பிங் பேக்கின் அடிப்பக்கம் நம் எடையில் நசுங்கிவிடுவதால் கீழே அது சூட்டைக் காக்காது. அந்த வேலை பாயினுடையது. உள்ளே வெறும் காற்று மட்டும் உள்ள மெத்தையில், அந்தக் காற்றே சுழன்று சுழன்று நம் சூட்டைத் தரைக்குக் கொண்டுபோய்விடும்.

அதனால் தடிமனைப் பார்த்து வாங்காதீர்கள். ஆர்-வேல்யூ என்று ஒரு எண் போட்டிருக்கும், அதைப் பாருங்கள். எண் கூடக்கூடச் சூடு தங்கும். 2018-ல் வந்த ஏ.எஸ்.டி.எம். எஃப் 3340 என்னும் பொதுவான சோதனை முறையில் அளந்தது என்று இருந்தால், இரண்டு கம்பெனிப் பாய்களை நம்பி ஒப்பிடலாம். எண்ணே போடாத பாயை விட்டுவிடுங்கள். அக்டோபர் கடைசிக்கு 4 இருக்கட்டும். பனியில் படுப்பதென்றால் 5-க்கு மேல் வேண்டும்.

இந்த எண்களைக் கூட்டிக்கொள்ளலாம் என்பது நமக்குச் சௌகரியம். 2 உள்ள ஃபோம் பாயின் மேல் 2 உள்ள காற்றுப் பாயைப் போட்டால் 4. நான் இப்போதும் இப்படித்தான் படுக்கிறேன். கல்லும் முள்ளும் முதலில் ஃபோமில்தான் குத்தும். ராத்திரியில் காற்றுப் பாய் ஓட்டையாகிவிட்டாலும் வெறும் தரையில் கிடக்க வேண்டாம்.

வாயால் ஊதாதீர்கள், மூச்சின் ஈரம் உள்ளே தங்கிவிடும். கூடவே வரும் பைபோன்ற பம்பால் அடையுங்கள். குளிரில் காற்று சுருங்கிப் பாய் தளரும், அதை ஓட்டை என்று நினைத்துப் பயப்பட வேண்டாம்; படுக்கும் முன் இன்னும் கொஞ்சம் அடைத்தால் சரியாகிவிடும். ஒருக்களித்துப் படுப்பவர் என்றால் அகலமானதாக வாங்குங்கள், சாதாரண அளவு 50 சென்டிமீட்டர்தான் வரும். வாங்கியதும் ஒரு ராத்திரி வீட்டிலேயே அதில் படுத்துப் பாருங்கள், காற்று இறங்கினால் கடையில் மாற்றிக்கொள்ளலாம்.

எங்கே கூடாரம் போடலாம் என்று போகும் முன் வனத்துறையிடம் கேட்டுவிடுங்கள். அடுத்து உத்தராகண்டுக்குப் போகும் எண்ணம் இருந்தால் ஒன்று: அங்கே புக்யால் என்னும் மலைப் புல்வெளிகளில் இரவு தங்க, 2018-ல் உயர்நீதிமன்றம் தடை போட்டது.

என்னிடம் ஃபோம் பாய் ஒன்று கூடுதலாக இருக்கிறது. நான் இருப்பது மயூர் விஹாரில். கிளம்புவதற்கு முந்தின ஞாயிறு சாப்பாட்டுக்கு வாருங்கள், எடுத்துக்கொண்டு போகலாம்.