கிணற்றில் தண்ணீர் இருந்தும் சவராவது ஏன்?

கேள்வி: எங்கள் தோட்டக் கிணற்றில் ஆவணியிலும் இறைப்புக்குப் போதிய தண்ணீர் நிற்கிறது. ஆயினும் வெங்காயத் தாளின் நுனி கருகுகிறது. தண்ணீரும் சவராகி வருகிறது. அடியில் குழாய் இறக்கி ஆழப்படுத்தினால் நல்ல தண்ணீர் கிடைக்குமா?
– தோட்டச் செய்கையாளர், நீர்வேலி

பதில்: தயவுசெய்து ஆழப்படுத்த வேண்டாம். யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணாம்புக்கல்லுக்குள் உள்ள நன்னீர், அதனிலும் அடர்த்தி கூடிய உவர்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. உங்களுக்கு அருகே, புத்தூர் நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பது இதனால்தான். நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் 1 மீற்றர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீற்றருக்கு நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. அதன்படி மட்டம் 25 சென்ரிமீற்றர் இறங்கி நிலைத்தாலே உவர்நீரின் எல்லை 10 மீற்றர் மேலேறிவிடும். பிளவுகள் நிறைந்த நமது கல்லில் இரு நீரும் கலப்பதால் கையிருப்பு இதனிலும் குறைவே. கிணற்றுக் கட்டில் நின்று பார்ப்பவருக்கு ஒரு சாண் இறக்கம் பொருட்டாகத் தெரியாது. உங்கள் வெங்காயம் அதை முதலில் அறிந்துவிட்டது.

ஆகவே மட்டத்தோடு உவரையும் அளந்து வாருங்கள். கட்டில் ஓரிடத்தில் மைக்குறி இட்டு, கிழமைக்கொரு முறை, காலை இறைப்புக்கு முன், நுனியில் பாரம் கட்டிய அளவுநாடாவை அக்குறியிலிருந்து இறக்கி, நீர்மட்டத்தின் ஆழத்தைக் கொப்பியில் எழுதுங்கள். இறைப்பு தொடங்கும்போதும் முடியும்போதும் எடுத்த நீரின் மின்கடத்துதிறனைக் கைக்கருவியால் பாருங்கள்; நீரில் உப்பு கூடக் கூட இதுவும் கூடும். முடிவில் அது கூடியிருந்தால், பம்பியின் இழுவைக்கு அடியிலுள்ள உவர்நீர் கிளம்புகிறது என்று பொருள். வெங்காயம் உவரைத் தாங்காத பயிர். பாசன நீரின் மின்கடத்துதிறன் சென்ரிமீற்றருக்கு 800 மைக்ரோசீமன்ஸைத் தாண்டியதும் விளைச்சல் குறையத் தொடங்கும்.

பெரிய மெஷினால் ஒரே மூச்சில் இறைப்பதை விட்டு, சிறிய பம்பியால் காலையும் மாலையும் பிரித்து இறையுங்கள். வாய்க்கால் பாசனத்துக்குப் பதிலாகத் தூவல் முறை அமைத்தால் தேவையும் குறையும். எனினும் அயல் தோட்டங்களும் அதே நீரையே இறைப்பதால் ஒருவரின் சிக்கனம் போதாது. உங்கள் கமக்காரர் அமைப்பு எல்லோருடைய அளவீடுகளையும் ஒன்றுசேர்த்து இறைப்பு முறை வகுக்க வேண்டும் என்பதை நான் வலியுறுத்துவேன்.

ஐப்பசி மழைக்கு முன் ஊர்க்குளத்தைத் தூர்வாரி, வரத்து வாய்க்கால்களைத் திறந்துவிடுவது நிலத்தடி நீரைப் பெருக்கும். வீதி வெள்ளத்தை மட்டும் நேரே கிணற்றுக்குள் விடாதீர்கள். மண்ணில் வடியாமல் இறங்கும் அழுக்கு, கல்லின் பிளவுகள் வழியே அயலவரின் குடிநீர்க் கிணற்றை விரைவில் எட்டிவிடும்.