கைபேசியே எல்லா வேலையும் செய்யும்போது, விளையாட்டுக்கென்று தனியாக ஒரு கன்சோல் இனி நிலைக்குமா?

நிலைக்கும் என்றே நம்புகிறேன். ஆனால் அதற்கு வரும் ஆபத்து, நீங்கள் நினைப்பதுபோல் கைபேசியிடமிருந்து அல்ல.

2011-இலும் இதே கேள்வி பலமாக எழுந்தது. அந்த பிப்ரவரியில் ஜப்பானில் 25,000 யென்னுக்கு வந்த நிண்டெண்டோவின் கையடக்கக் கன்சோலான 3டிஎஸ் எதிர்பார்த்தபடி விற்கவில்லை. ஆகஸ்டிலேயே விலையை 15,000 யென்னாக இறக்கினார்கள். நிறுவனத் தலைவர் சடோரு இவாட்டா தன் சம்பளத்தைப் பாதியாகக் குறைத்துக்கொண்டார். கையடக்கக் கன்சோலின் காலம் முடிந்தது என்றார்கள். முடியவில்லை. 3டிஎஸ் ஏழரைக் கோடிக்கு மேல் விற்றது. 2017-இல் வந்த அதே நிறுவனத்தின் ஸ்விட்ச் 15 கோடியைத் தாண்டிவிட்டது.

அந்த ஸ்விட்சுக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்தால் விஷயம் புரியும். என்விடியாவின் டெக்ரா எக்ஸ்1 சிப். 2015-இல் ஷீல்ட் என்ற ஆண்ட்ராய்டு டிவி பெட்டியில் வந்த அதே வகை. ஸ்விட்ச் வெளியான நாளிலேயே அந்தச் சிப் பழையதுதான். அதில்தான் செல்டா என்ற விளையாட்டின் அத்தனை பெரிய உலகம் ஓடியது. எப்படி? கோடிக்கணக்கான பேர் கையில் இருப்பது ஒரே கருவி என்பது விளையாட்டை உருவாக்குபவருக்குத் தெரியும். எவ்வளவு நினைவகம், எந்தத் திரை, எப்போது சூடாகும் என்று எல்லாம் தெரிந்து கடைசிச் சொட்டு வரை பிழிந்துவிடுகிறார். ஆண்ட்ராய்டில் எண்ணற்ற மாடல்கள். அங்கே இந்த நிச்சயம் கிடைக்காது. பட்டன்களையும் சொல்ல வேண்டும். தொடுதிரையில் கட்டைவிரல் படத்தையே மறைக்கிறது. அழுத்தியது விரலுக்குத் தெரிவதில்லை. அரை மணி நேரம் தொடர்ந்து ஆடிய எவரும் இதை உணர்ந்திருப்பார்கள்.

கன்சோலை வேறு கருவியோடு ஒன்றாக்கப் பார்த்தவர்களும் உண்டு. 2003-இல் நோக்கியா கொண்டுவந்த என்-கேஜ் என்ற விளையாட்டுக் கைபேசியில் விளையாட்டு அட்டையை மாற்ற பேட்டரியைக் கழற்ற வேண்டும். பேசுவதற்குக் கருவியின் விளிம்பைக் காதில் வைக்க வேண்டும். 2013-இல் எக்ஸ்பாக்ஸ் ஒன் கன்சோலை அறிமுகப்படுத்திய மைக்ரோசாஃப்ட் மேடையில் டிவியைப் பற்றியே அதிகம் பேசியது. கினெக்ட் கேமராவையும் சேர்த்து விலை 499 டாலர். போட்டிக்கு வந்த சோனியின் பிளேஸ்டேஷன் 4 அதைவிட 100 டாலர் குறைவு. அந்தத் தலைமுறையில் மைக்ரோசாஃப்ட் பின்தங்கியே இருந்தது.

என் கவலை விலையைப் பற்றியது. கன்சோல் என்பது வயதாக ஆக மலிவாகும் பொருளாக இருந்தது. 2000-இல் அமெரிக்காவில் 299 டாலருக்கு வந்த பிளேஸ்டேஷன் 2, 2009-இல் 99 டாலருக்குக் கிடைத்தது. முதல் நாளில் வாங்க முடியாத வீட்டுக்கும் ஒருநாள் வந்து சேர்ந்தது. 2020-இல் 499 டாலராக இருந்த பிளேஸ்டேஷன் 5-க்கோ, 2025 ஆகஸ்டில் அங்கே 50 டாலரை ஏற்றினார்கள். 2024-இல் ப்ரோ மாடல் வந்தபோதே அதன் விலை 699 டாலர். அதில் டிஸ்க் டிரைவ் கிடையாது, தனியாக வாங்க வேண்டும். இது சின்ன விஷயமல்ல. ஆடி முடித்த டிஸ்க்கை விற்று, அந்தப் பணத்தில் அடுத்ததை வாங்கும் பழக்கம் நம் ஊர்களில் நிறையப் பேருக்கு உண்டு. தரவிறக்கிய விளையாட்டை அப்படி யாருக்கும் விற்க முடியாது. மாதச் சம்பளக்காரர்கள் கன்சோலை விட்டு விலகினால், அதற்குக் கைபேசியின் திறமையைவிட இந்தக் கணக்கே காரணமாக இருக்கும்.