வேலையில பல் இன்சூரன்ஸ் இருக்கு, கொதி இல்லை: பிறகேன் பல் டொக்டரிட்டப் போவான்?

தங்கச்சி, நீங்கள் கேட்டது இதுதானே: கனடாவுக்கு, ஸ்காபரோவுக்கு வந்து கொஞ்ச மாதம், உங்கட அவருக்கு வேலையில பல் இன்சூரன்ஸ் கிடைச்சிருக்கு, வீட்டில ஒருத்தருக்கும் பல்லுக் கொதி இல்லை. அப்பிடியிருக்கக் குடும்பமாப் போய் ஒரு டொக்டரிட்டப் பதிய வேணுமோ, முதல் நாளே பெரிய பில் நீட்டுவினமோ, இரண்டு வயதுப் பிள்ளையையும் கொண்டுபோறதோ, மாமிக்கு என்ன வழி?

கொதி வரமுதல் போங்கோ. உங்கட ஓஹிப் கார்ட், அதுதான் ஒன்ராறியோ மாகாணத்தின்ர மருத்துவ இன்சூரன்ஸ் கார்ட், குடும்ப டொக்டருக்கும் ஆஸ்பத்திரிக்கும் உதவும், சாதாரண பல் வைத்தியத்துக்கு உதவாது. இரவில கொதி தாங்காமல் எமெர்ஜென்சிக்கு ஓடினாலும் அங்க பல் அடைக்கிற ஆள் இல்லை. நோவுக்குக் குளிசையும், கிருமி எண்டால் அன்டிபயோட்டிக்கும் தந்து, விடியப் பல் டொக்டரைப் பார் எண்டு விடுவினம். பதிஞ்ச இடம் ஒண்டு இருந்தால் அண்டைக்குக் காலமையே எடுத்துக் கேக்கலாம்.

முதல் நாள் போனவுடன ஒரு படிவம் தருவினம். பல்லுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம் எண்டு நினைச்சு எங்கட ஆக்கள் பாதியை வெறுமையா விடுறவை. சீனி வருத்தம், பிரஷர், இரத்தம் உறையாமல் இருக்கப் போடுற குளிசை, எலும்புத் தேய்வுக்கு எடுக்கிற மருந்து, கர்ப்பம் எல்லாத்தையும் எழுதுங்கோ. பல் பிடுங்கினால் இரத்தம் நிக்குமோ, புண் ஆறுமோ எண்டு டொக்டர் முடிவெடுக்கிறது அதை வைச்சுத்தான்.

பிறகு எக்ஸ்ரே. இரண்டு பல்லுக்கு நடுவில தொடங்கிற சூத்தை கண்ணுக்குத் தெரியாது, அதுக்காக ஒரு சின்னத் துண்டைக் கடிக்கக் குடுத்துப் படம் எடுப்பினம். கதிர் அளவு மிகக் குறைவு, பயப்பிடத் தேவையில்லை. எண்டாலும் ஒவ்வொரு முறையும் முழுச் செட்டும் எடுக்க வேணும் எண்ட சட்டம் ஒண்டும் இல்லை. ஏன் இப்ப எடுக்கிறீங்கள் எண்டு தாராளமாக் கேளுங்கோ. இடம் மாறினால் பழைய படங்களின்ர பிரதியைக் கேட்டு வாங்குற உரிமை உங்களுக்கு இருக்கு.

கிளீனிங் செய்யிறது அநேகமா டொக்டர் இல்லை, பல் துப்பரவாக்கிறதுக்கெண்டு படிச்ச ஹைஜீனிஸ்ட். பில்லைப் பாக்கப் பழகவேண்டிய இடமும் இதுதான். காறை சுரண்டுறதுக்கு நேரக்கணக்கில காசு, ஒரு யூனிட் எண்டால் 15 நிமிஷம். பில்லில 11111 எண்டு இருந்தால் ஒரு யூனிட், 11112 எண்டால் இரண்டு, 11114 எண்டால் நாலு. கதிரையில அரை மணித்தியாலம்கூடச் சுரண்டாத ஆளுக்கு நாலு யூனிட் விழுந்திருந்தால் முன் மேசையில மரியாதையாக் கேக்கலாம். அதே நேரம், கனகாலம் கிளீனிங்கே செய்யாமல் வந்தவைக்கு முரசுக்குக் கீழ காறை இறுகிக் கிடக்கும், முதல் தரம் நாலு யூனிட் உண்மையாவே தேவைப்படும். எல்லாத்தையும் கள்ளக்கணக்கு எண்டு நினைக்காதேங்கோ.

இன்சூரன்ஸ் விஷயத்தில ஆக்கள் ஏமாறுறது "80 வீதம் கவர்" எண்ட சொல்லில. கிளீனிங், பல் அடைக்கிறது போன்றவைக்கு 80 வீதம் குடுக்கிற பிளான், பல்லுக்கு மேல உறை மாதிரிப் போடுற கிரவுனுக்கு அநேகமா 50 வீதம்தான் குடுக்கும். அதுவும் பல் டொக்டர்மாரின்ர சங்கமான ஒன்ராறியோ டென்ரல் அசோசியேஷன் வருஷா வருஷம் போடுற கட்டண வழிகாட்டியின்ர தொகையிலதான் வீதம் பாக்கும், கிளினிக் அதுக்கு மேல எடுத்தால் மிச்சம் உங்கட தலையில. வருஷத்துக்கு இவ்வளவுதான் குடுப்பம் எண்ட உச்சவரம்பு வேற இருக்கு. பேச்சுக்கு 1,500 டொலர் எண்டு வையுங்கோ, கடைவாய்ப் பல் ஒண்டுக்கு ரூட் கனாலும் (பல்லின்ர வேருக்குள்ள செய்யிற வைத்தியம்) கிரவுனும் செய்தால் அதோட சரி. அவசரமில்லாத வேலையெண்டால், ஒரு பகுதியை டிசம்பரிலயும் மிச்சத்தை ஜனவரியிலயும் வைக்கேலுமோ எண்டு கேட்டுப் பாருங்கோ. உங்கட பிளான் ஜனவரியில புதுசாத் தொடங்கிறதோ எண்டதை மட்டும் முதல் உறுதிப்படுத்துங்கோ.

பெரிய வேலை எதுவெண்டாலும் கையெழுத்து வைக்கமுதல் மதிப்பீட்டை இன்சூரன்சுக்கு அனுப்பச் சொல்லுங்கோ. அவை எவ்வளவு குடுப்பினம் எண்டு எழுத்தில வரும், அதைப் பாத்திட்டு முடிவெடுக்கலாம். "இண்டைக்கே செய்யாட்டி பல்லே போயிடும்" எண்டு அவசரப்படுத்தினால், வீக்கமும் காய்ச்சலும் இல்லாத இடத்தில, இன்னொரு டொக்டரிட்டக் காட்டுறது பிழையில்லை. "உங்கட 20 வீதத்தைக் கட்டத் தேவையில்லை" எண்டு ஆசை காட்டுற இடங்களும் இருக்கு. இன்சூரன்சுக்கு முழுத் தொகையைக் காட்டிப்போட்டு நோயாளியின்ர பங்கைச் சத்தமில்லாமல் விடுறது முறைகேடு, எனக்கு அப்பிடியான இடத்தில மற்றக் கணக்கிலயும் நம்பிக்கை வராது. டொக்டரின்ர பதிவைப் பாக்க வேணுமெண்டால், பல் டொக்டர்மாரைப் பதிஞ்சு கண்காணிக்கிற றோயல் கொலிஜ் ஒவ் டென்ரல் சேர்ஜன்ஸ் ஒவ் ஒன்ராறியோவின்ர இணையப் பதிவேட்டில பேரைப் போட்டுப் பாருங்கோ, ஒழுங்கு நடவடிக்கை ஏதும் எடுத்திருந்தால் அதிலயே கிடக்கும்.

பிள்ளையைக் கட்டாயம் கொண்டுபோங்கோ. முதல் பல் முளைச்சு ஆறு மாதத்துக்குள்ள, இல்லாட்டி ஒரு வயதுக்குள்ள காட்ட வேணும் எண்டுதான் இங்க சொல்லுறது, நீங்கள் ஏற்கெனவே பிந்தித்தான் இருக்கிறீங்கள். தாயின்ர மடியில வைச்சு வாயைப் பாக்கிறதுதான், பெரிசா ஒண்டும் செய்யமாட்டினம். விழுகிற பாற்பல்தானே எண்டு விடாதேங்கோ, அது நேரத்துக்கு முன்னம் போனால் பக்கத்துப் பல் சரிஞ்சு, பின்னால வாற பல்லுக்கு இடமில்லாமல் போம். பாற்போத்தலை வாயில வைச்சபடி நித்திரையாக்கிற பழக்கம் இருந்தால் நிப்பாட்டுங்கோ. நீங்களும் வேலைக்குப் போய் உங்களுக்கும் இன்சூரன்ஸ் வந்தால், வருஷத்தில ஆரின்ர பிறந்தநாள் முதல் வருதோ அவற்ற பிளானுக்குத்தான் பிள்ளையின்ர பில்லை முதல் அனுப்புறது. ஆருக்கு வயது கூட எண்டது கணக்கில்லை.

மாமியை உங்கட அவற்ற பிளானில அநேகமா சேக்கேலாது, அப்பிடியான பிளான் மனுசி பிள்ளைகளோட நிண்டிடும். அவவுக்கு மத்திய அரசாங்கத்தின்ர பல் திட்டத்தைத்தான் பாக்க வேணும், சீ.டீ.சீ.பீ எண்டு சொல்லுவினம். வரிக் கணக்குக்குக் கனடாவில வசிக்கிற ஆளா இருக்க வேணும், தனியார் பல் இன்சூரன்ஸ் கிடைக்கிற வழி இருக்கக்கூடாது, குடும்ப வருமானம் 90,000 டொலருக்குக் கீழ இருக்க வேணும். 70,000க்குக் கீழ எண்டால் அவ கட்டுற பங்கு இல்லை, அதுக்கு மேல எண்டால் அவவின்ர பங்கு 40 வீதம், 80,000 தொட்டால் 60 வீதம். இதில பாக்கிறது அவவின்ர வருமானமும், மாமா இருந்தால் அவற்றயும்தான், மகன்ர சம்பளம் சேராது. முந்தின வருஷத்து வரிக்கணக்கு தாக்கல் செய்திருக்க வேணும், அதால வருமானம் பூச்சியமெண்டாலும் வாற வரிக்காலத்தில அவவுக்கும் ஒரு கணக்குப் போடுங்கோ. திட்டம் குடுக்கிற தொகையைவிட கிளினிக் கூட எடுக்கலாம், வித்தியாசத்தை ஆர் கட்டுறது எண்டு போகமுதல் போனிலயே கேளுங்கோ. பல்செட் மட்டும்தான் தேவையெண்டால் டென்சரிஸ்ட்டிட்ட நேரேயே போகலாம், அவரும் அந்தத் திட்டத்தை எடுக்கிறாரோ எண்டதையும் அதோட கேட்டுவையுங்கோ.