பழைய மரப்படகு ஒழுகினால் வாங்கக் கூடாதா?

பழைய மரப்படகும் அதோடு பழைய அவுட்போர்டு மோட்டாரும் (படகின் பின்புறத்தில் மாட்டுகிற மோட்டார்) வாங்க ஆசை, ஆனால் ஒழுகும் என்கிறார்களே என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு படகைப் பார்க்கப் போய், உள்ளே தண்ணீர் கிடந்ததைக் கண்டு பயந்திருப்பீர்கள். வாங்குங்கள். காய்ந்த மரம் ஒழுகத்தான் செய்யும்.

நான் இங்கிலாந்தில் பூல் துறைமுகத்துப் பக்கம் இருக்கிறேன். என்னுடையது 12 அடி கிளிங்கர் படகு. ஓடு வேய்ந்த மாதிரி ஒரு பலகையின் விளிம்பு அடுத்த பலகை மேல் ஏறியிருக்கும், செப்பு ரிவெட் அடித்து இறுக்கியிருப்பார்கள். நம் ஊர் வள்ளம் போலப் பஞ்சு திணித்துக் கலப்பத்து பார்க்கிற வேலை இதில் இல்லை, மரம் தண்ணீர் குடித்து ஊதித் தானே அடைத்துக்கொள்ள வேண்டும். அது எனக்கு அப்போது தெரியாது. குளிர்காலம் முழுக்கக் கொட்டகையில் காய்ந்த படகை இறக்கினேன், அரை மணியில் கணுக்கால் வரை தண்ணீர். ஒரு பட்டறைக்காரர் சொன்னாரென்று இடுக்கெல்லாம் பசை அடைத்தேன். ஒரு வாரத்தில் மரம் ஊதியது, விரிய இடமில்லை, உள்ளே பலகைகளைத் தாங்கும் வளைந்த ஓக் மரச் சட்டம், அதாவது விலா, ஒன்று படீரென்று பிளந்தது. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. பசையைச் சுரண்டி எடுக்கவே இரண்டு மாதம். இப்போது வருஷா வருஷம் உள்ளே ஈரச் சாக்கு விரித்து நாலைந்து நாள் ஊறவிட்டு அப்புறம்தான் இறக்குகிறேன். அதற்குப் பிறகு வாளிக்கு வேலை குறைவு.

மோட்டார் பிரிட்டிஷ் சீகல், இதே பூலில் செய்தது, 1996 வரை செய்தார்கள். கயிற்றின் முடிச்சை மேல் சக்கரத்தின் வெட்டில் மாட்டி, சுற்றி, இழுக்க வேண்டும். கிளட்ச் கிடையாது, உயிர் வந்த நொடியே படகு நகரும், அதனால் முதலில் படகின் முகத்தைத் திறந்த தண்ணீர் பக்கம் திருப்பிவையுங்கள். பத்துப் பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு எண்ணெய், ஆமாம், நீலப் புகை வரும். சுற்றுச்சூழல் பேச வருகிறவர்களுக்கு: மாதத்துக்கு ஒரு மணி நேரம்கூட நான் அதை ஓட்டுவதில்லை, மீதியெல்லாம் துடுப்புதான். புது ஃபைபர் படகு வாங்குகிறவர்களை நான் குறை சொல்லவும் இல்லை.

ஆனால் "பழசு எதற்கு" என்ற பேச்சு மட்டும் எனக்கு ஆகாது. ஊரில் வீட்டை விற்றபோது பாட்டியின் தேக்கு ஊஞ்சல் பலகையை என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் பழைய சாமான் கடைக்குப் போட்டுவிட்டார்கள். நான்கு தலைமுறை உட்கார்ந்து வழவழப்பான பலகை. கேட்டால், இடத்தை அடைக்கிறதாம்.

சரி, படகு. பார்க்கப் போகும்போது ஒரு சாவி கொண்டு போங்கள். விலாக்களையும் அடிக்கட்டையையும் அதன் நுனியால் அழுத்திப் பாருங்கள். மெத்தென்று உள்ளே போனால் விட்டுவிடுங்கள். டக்கென்று நின்றால் விலை பேசுங்கள்.