கேள்வி பதில்: ‘ரோலின்’ நான்கு வருடம் எங்கே இருந்தது?

கேள்வி: தென்கொரியாவின் பிரேவ் கேர்ள்ஸ் என்ற பெண்கள் குழு பாடிய ‘ரோலின்’ வெளியானபோது யாரும் கண்டுகொள்ளவில்லையாம், நான்கு வருடம் கழித்து முதலிடத்துக்கு வந்ததாம். 2017இல் தேறாத பாட்டு 2021இல் மட்டும் எப்படித் தேறியது?

பதில்: பாட்டு அன்றைக்கே தேறிய பாட்டுதான். அதைக் கொண்டாடியவர்கள் கையில் அன்றைக்குப் போன் இல்லை.

2017 மார்ச் 7ஆம் தேதி ‘ரோலின்’ வந்தது. மெலன் போன்ற ஸ்ட்ரீமிங் தளங்களில் எத்தனை பேர் கேட்கிறார்கள் என்பதை வைத்துத்தான் அங்கே ஒரு பாட்டின் தலையெழுத்து முடிவாகிறது. பெரிய கம்பெனிக் குழுக்களின் பாட்டை ரசிகர் கூட்டமே முதல் மணி நேரத்தில் திரும்பத் திரும்பக் கேட்டு மேலே தூக்கிவிடும். பிரேவ் கேர்ள்ஸுக்கு அப்படியொரு கூட்டம் இல்லை. டிவி நிகழ்ச்சிகளில் ஆடினார்கள், அதோடு பாட்டு அடங்கிப்போனது.

ஆனால் அவர்கள் ராணுவ முகாம்களுக்குப் போய்ச் சிப்பாய்கள் முன் ஆடுவதை விடவில்லை. கொரியாவில் உடல்தகுதி உள்ள ஆண்கள் கட்டாயம் படையில் சேவை செய்தாக வேண்டும். சாதாரணச் சிப்பாய்களுக்கு முகாமுக்குள் செல்போன் வைத்துக்கொள்ள 2019 ஏப்ரலில்தான் சோதனை முறையில் அனுமதி தந்தார்கள். முறைப்படி அனுமதி வந்தது 2020 ஜூலையில். அதற்கு முன்பு தங்கும் அறையில் இருக்கும் டிவியும், கலைக்குழு வரும் நாளும்தான் அவர்களுக்குப் பாட்டு. அந்த இடத்தில் ‘ரோலின்’ ராஜாவாக இருந்தது. சேவை முடிந்து கிளம்பும் சீனியர், ஜூனியரிடம் வேலைகளை ஒப்படைக்கும்போது இந்தப் பாட்டையும் சேர்த்து ஒப்படைத்துவிட்டுப் போவார் என்று முன்னாள் வீரர்கள் எழுதியிருக்கிறார்கள். சிப்பாய்களுக்குப் பிடித்த பாட்டுகளை ‘மில்போர்டு’ என்று ஒரு பட்டியலாகச் சொல்வார்கள். அதில் உச்சத்தில் இருந்த பாட்டு மெலன் கணக்கில் வரவே இல்லை.

2021 பிப்ரவரி 24 அன்று ஒரு யூடியூப் சேனல், இவர்களின் பழைய மேடைக் காட்சிகளைக் கோத்து, அவற்றுக்கு வந்திருந்த கமெண்ட்டுகளைத் திரையில் ஓடவிட்டு ஒரு வீடியோ போட்டது. அதற்குள் அந்தச் சிப்பாய்கள் வேலைக்கும் கல்லூரிக்கும் திரும்பியிருந்தார்கள். சில நாட்களிலேயே பாட்டு எல்லாத் தளங்களிலும் மேலே வந்தது. மார்ச் 14 அன்று எஸ்.பி.எஸ். சேனலின் ‘இன்கிகாயோ’ இசை நிகழ்ச்சியில் முதல் பரிசு வாங்கினார்கள்.

கேள்வி: அரைகுறை உடையில் பெண்கள் ஆட, சிப்பாய்கள் கூச்சல் போடுகிறார்கள். இதில் கொண்டாட என்ன இருக்கிறது?

பதில்: கேட்க வேண்டிய கேள்வி. நாற்காலி நடனம், கவர்ச்சி உடை எல்லாம் 2017இல் கம்பெனி வகுத்த வழிதான். அதில் எனக்கும் உடன்பாடு இல்லை. ஆனால் அந்த வீடியோவை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். மேடையில் இருப்பவர்கள் கைகளை விரித்துத் திருக்கை மீன் நீந்துவதுபோல் அலைக்கிறார்கள். கீழே சீருடையில் இருப்பவர்களும் எழுந்து நின்று அதே அசைவைச் செய்கிறார்கள், பாட்டுக்கு இடையே வரும் கோஷத்தை ஒரே குரலில் போடுகிறார்கள். அதைப் பார்த்ததும் குழுவில் ஒருவரான யூஜோங் கண்கள் மறைகிற அளவுக்குச் சிரிக்கிறார். அந்தச் சிரிப்பைப் பற்றித்தான் எத்தனை கமெண்ட்!

வடகொரியாவை ஒட்டிய பெங்நியோங் தீவுக்கும் போய் ஆடியிருக்கிறார்கள். இஞ்சியோனிலிருந்து கப்பலில் போகவே நான்கு மணி நேரம் பிடிக்கும். பெயர் வாங்கித் தராத மேடைக்கு அவ்வளவு தூரம் போய், ஒப்புக்கு ஆடாமல் முழு மூச்சோடு ஆடியதைத்தான் அந்தப் பையன்கள் மறக்கவில்லை என்று நான் நினைக்கிறேன். இன்னொன்றும் உண்டு. பழைய ஆல்பத்தின் கவர்ச்சி அட்டைப்படம் போனில் தெரிவது சங்கடமாக இருக்கிறது என்று ரசிகர்களே 2021இல் கேட்டார்கள். கம்பெனி படத்தை மாற்றியது. எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது.

கேள்வி: பணம் கொடுத்துப் பட்டியலில் ஏற்றியிருப்பார்களோ?

பதில்: கொரியாவில் அந்தச் சந்தேகம் சகஜம்தான். 2018இல் பெயர் தெரியாத சிலரின் பாட்டுகள் நள்ளிரவில் மேலே ஏறியபோது பெரிய சர்ச்சையே வெடித்தது. ‘ரோலின்’ மேலே வந்த காரணம் எல்லோர் கண்ணெதிரிலும் இருந்தது. கலைந்துபோக இருந்த குழுவுக்கு யார் பணம் கட்டுவார்கள்?

கேள்வி: கலையும் நிலையிலா இருந்தார்கள்?

பதில்: ஆமாம். தங்கியிருந்த வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தார்கள். யூனா காபிக் கடை வேலைக்கான பயிற்சி எடுத்திருந்தார். குழு 2011இல் தொடங்கியது என்றாலும், மின்யோங், யூஜோங், உன்ஜி, யூனா நால்வரும் 2016இல் சேர்ந்தவர்கள். ஐந்து வருடம் உழைத்தவர்கள் வேறு வேலை தேடியதில் தப்பே இல்லை.

கேள்வி: அதன்பிறகு நிலைத்தார்களா?

பதில்: 2021 ஜூனில் வந்த ‘சி மத் பா ராம்’ நன்றாகவே ஓடியது. 2023 பிப்ரவரியில் பழைய கம்பெனியோடு ஒப்பந்தம் முடிந்தது. அதே வருடம் வேறு கம்பெனியில் ‘பிபி கேர்ள்ஸ்’ என்ற பெயரில் தொடர்ந்தார்கள். 2024இல் யூஜோங் விலகிவிட்டார். ‘ரோலின்’ அளவுக்கு இன்னொன்று அமையவில்லை. அதை வைத்து அவர்களைக் குறைத்துப் பேசுவதை என்னால் ஏற்க முடியாது.

கேள்வி: வேறு யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா? புதிதாகக் கேட்பவர்கள் எதில் தொடங்கலாம்?

பதில்: இஎக்ஸ்ஐடி குழுவுக்கு நடந்திருக்கிறது. அவர்களின் ‘அப் அண்ட் டவுன்’ 2014 ஆகஸ்டில் வந்து அடங்கிவிட்டது. அக்டோபரில் பாஜு நகர மேடையில் அந்தக் குழுவின் ஹானி ஆடியதை ஒரு ரசிகர் படம்பிடித்துப் போட, அது பரவி, 2015 ஜனவரியில் முதல் பரிசு வரை போனார்கள்.

‘ரோலின்’ கேட்பதானால் அதிகாரபூர்வ வீடியோவில் தொடங்காதீர்கள். ராணுவ மேடைப் பதிவைப் பாருங்கள். பிறகு 2020 ஆகஸ்டில் வந்த ‘வி ரைட்’ கேளுங்கள். பழைய பாணி கிட்டாரோடு இரவுப் பயணத்துக்கு ஏற்ற பாட்டு. வந்தபோது அதையும் யாரும் கவனிக்கவில்லை. ‘ரோலின்’ இழுத்த இழுப்பில்தான் மேலே வந்தது. என்னைக் கேட்டால், இரண்டில் ‘வி ரைட்’தான் மேல்.