மலைச் சைக்கிள் கட்டுதல் – கடிதம்

அன்புள்ள ஐயாவுக்கு,

வணக்கம். முன்பக்கம் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள மலைச் சைக்கிளில் நான்கு ஆண்டுகளாகக் காட்டுத் தடங்களில் ஓட்டி வருகிறேன். இப்போது முன்னும் பின்னும் சஸ்பென்ஷன் உள்ள சைக்கிள் ஒன்றை, கடையிலிருந்து முழுதாக வாங்காமல், பாகம் பாகமாகத் தேர்ந்தெடுத்து நானே கட்ட விரும்புகிறேன். பின்சக்கரம் 140 மி.மீ. மேலேறக்கூடிய ஃபிரேம் ஒன்றை முடிவு செய்துவிட்டேன். அதற்கு, முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் 150 மி.மீ. அசைவதாக இருந்தால் பொருந்தும் என்று தயாரித்தவர்கள் குறிப்பிட்டிருக்கிறார்கள். இறக்கங்களே எனக்குப் பிடித்தவை என்பதால் 170 மி.மீ. போட நினைக்கிறேன். பின்சக்கரத்தின் அதிர்வைத் தாங்கும் ஷாக், காற்று வகைக்குப் பதிலாகச் சுருள்வில் வகை. பழைய சைக்கிளின் சக்கரங்கள் நன்றாக இருப்பதால் அவற்றையே வைத்துக்கொண்டு, 12 வேக கேசட் (பின்சக்கரத்தின் பற்சக்கரத் தொகுதி) மட்டும் புதிதாக வாங்குவேன். எடை குறைய வேண்டும் என்பதற்காக மெல்லிய டயர்கள், இரண்டு பிஸ்டன் பிரேக்குகள், கார்பன் ஹேண்டில்பார். என் எடை 58 கிலோ. தலைக்கவசம், தண்ணீர்ப் பை எல்லாம் சேர்த்து 62 கிலோ.

பாகங்கள் ஒன்றோடொன்று பொருந்தாமல் போகும், முழு சைக்கிளாகவே வாங்கிவிடு என்று நண்பர்கள் சொல்கிறார்கள். என் பட்டியல் சரிதானா?

முகிலன்

அன்புள்ள முகிலன்,

உங்கள் பட்டியலை இரண்டு முறை படித்தேன். மோசமான பாகம் என்று அதில் ஒன்றுகூட இல்லை. ஆனால் ஒவ்வொன்றையும் அதனதன் பெருமைக்காகத் தனித்தனியே தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். பின் சஸ்பென்ஷன் இல்லாத சைக்கிளில் அப்படித் தேர்வதால் பெரிய நட்டம் வராது. முழு சஸ்பென்ஷன் சைக்கிளில் ஃபிரேமையும் பின் ஷாக்கையும் ஒரே இயந்திரத்தின் இரு பாதிகளாகத்தான் பார்க்க வேண்டும். மற்ற பாகங்களில் பெரும்பாலானவை அந்த இயந்திரம் இடும் நிபந்தனைகளுக்குள் அடங்க வேண்டியவை. ஆகவே ஷாக்கிலிருந்து தொடங்குகிறேன்.

பின்சக்கரம் 140 மி.மீ. மேலேறும்போது ஷாக்கின் தண்டு அவ்வளவு தூரம் உள்ளே போவதில்லை. உங்கள் ஃபிரேமின் ஷாக் அளவு 210×55 என்று வைத்துக்கொள்வோம். இதில் 210 என்பது ஷாக்கின் இரு கண்களுக்கும் இடைப்பட்ட நீளம், 55 என்பது தண்டு உள்ளே போகும் தூரம். 140ஐ 55ஆல் வகுத்தால் ஏறத்தாழ 2.55 வருகிறது. சக்கரம் இரண்டரை மி.மீ. நகர்ந்தால் ஷாக் ஒரு மி.மீ. நகர்கிறது, அதற்கு ஈடாக, சக்கரத்தில் விழும் பாரம் ஷாக்கில் இரண்டரை மடங்காகிறது. இதுதான் நெம்புகோல் விகிதம். இந்த விகிதம் அசைவு முழுவதும் ஒரே மாதிரி இருப்பதில்லை. தொடக்கத்தில் 2.9 ஆக இருந்து முடிவில் 2.3 ஆகக் குறையும் ஃபிரேமும் உண்டு, தொடக்கம் முதல் இறுதிவரை கிட்டத்தட்ட 2.5இலேயே நிற்கும் ஃபிரேமும் உண்டு. இரண்டுக்கும் விளம்பரத்தில் 140 மி.மீ. என்றே போட்டிருப்பார்கள், ஓட்டிப் பார்த்தால் இரண்டும் வேறு வேறு சைக்கிள்கள்.

சுருள்வில் ஷாக்கைப் பற்றிய உங்கள் கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. சுருள்வில்லின் எதிர்ப்பு அமிழ அமிழ ஒரே சீராகக் கூடும். காற்று அப்படியல்ல, அடைபட அடைபட அதன் எதிர்ப்பு வேகமாகக் கூடும். விகிதம் நன்றாகக் குறைந்துகொண்டே போகும் ஃபிரேமில் கடைசிப் பகுதியின் இறுக்கத்தை ஃபிரேமே தந்துவிடுவதால் அங்கே சுருள்வில் அழகாக வேலை செய்யும்; சிறு கற்களின் மேல் அது தரும் மென்மையைக் காற்று ஷாக்கால் எட்டுவது கடினம். விகிதம் மாறாத ஃபிரேமில் அதே சுருள்வில்லைப் போட்டால், ஒவ்வொரு குதிப்பின் முடிவிலும் ஷாக் அடிவரை சென்று இடிக்கும். ஃபிரேம் தயாரிப்பாளர் இந்த விகிதத்தின் வரைபடத்தை வெளியிட்டிருந்தால் அதைப் பாருங்கள். தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடையே ஐந்தில் ஒரு பங்காவது குறையவில்லை என்றால் காற்று ஷாக்கோடு நின்றுவிடுங்கள். இது என் கணக்கு. கொஞ்சம் கூடுதல் எச்சரிக்கையோடு சொல்கிறேன்.

உங்கள் எடைக்கு எந்தச் சுருள் வேண்டும் என்பதைத் தோராயமாகக் கணக்கிடலாம். மொத்த எடையில் ஏறக்குறைய 65 விழுக்காடு பின்சக்கரத்தில் விழுவதாகக் கொண்டால் 40 கிலோ. விகிதத்தால் பெருக்கினால் ஷாக்கின் மேல் 102 கிலோ, அதாவது 225 பவுண்டு. நீங்கள் ஏறி நிற்கும்போது ஷாக் தன் தூரத்தில் 30 விழுக்காடு, அதாவது 16.5 மி.மீ., அமிழ வேண்டும்; அது 0.65 அங்குலம். 225ஐ 0.65ஆல் வகுத்தால் 346. கடையில் 350 பவுண்டுச் சுருளைக் கேட்க வேண்டும். ஆனால் இந்தக் கணக்கு சராசரி விகிதத்தை வைத்துப் போடப்பட்டது. அசைவின் தொடக்கத்தில் விகிதம் சராசரியைவிட அதிகம் என்றால் இன்னும் கொஞ்சம் வலுவான சுருள் தேவைப்படலாம். இரண்டு மூன்று சுருள்களை மாற்றி மாற்றிப் பார்க்க வழியில்லாதவருக்கு, ஒரு சிறு பம்பினால் ஐந்து நிமிடத்தில் மாற்றிக்கொள்ளக்கூடிய காற்று ஷாக்கே நல்லது.

உங்கள் எடையையொட்டி இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஷாக்கினுள் எண்ணெய் ஓடும் துளைகளும் மெல்லிய தகடுகளும் நடுத்தர எடை உள்ளவரை மனத்தில் வைத்தே பெரும்பாலும் அமைக்கப்படுகின்றன. எடை குறைந்தவர் மென்மையான வில்லையோ குறைந்த காற்றையோ வைக்கும்போது, அந்த வில் ஷாக்கைத் திருப்பித் தள்ளும் விசையும் குறைந்துவிடும். திரும்பும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் திருகை முழுவதும் திறந்துவிட்டாலும் ஷாக் சோம்பலாகவே எழும். அடுத்தடுத்துக் கற்கள் வரும்போது எழுவதற்குள் மறுபடி அமிழ்ந்து, போகப் போகத் தாழ்ந்துவிடும். ஆகவே வாங்கும்போதே ‘லைட் டியூன்’ எனப்படும், எடை குறைந்தவருக்கான உள்ளமைப்பு கிடைக்குமா என்று கேளுங்கள். விலையுயர்ந்த மாடலுக்குத் தாவுவதைவிட, உங்கள் எடைக்குச் சரியாக அமைக்கப்பட்ட நடுத்தர ஷாக் உங்களுக்குப் பலமடங்கு பயன் தரும்.

ஷாக்கின் அளவில் எந்தச் சமரசமும் வேண்டாம். நான் முதன்முதலில் கட்டிய சைக்கிளில் 50 மி.மீ. தண்டுத் தூரம் குறிப்பிடப்பட்ட ஃபிரேமில், அதே நீளமுள்ள 55 மி.மீ. ஷாக்கைப் பொருத்தினேன். கண்ணுக்குக் கண் நீளம் ஒன்றாக இருந்ததால் அது சிக்கலின்றி உட்கார்ந்தது. ஐந்து மி.மீ. தானே என்று நினைத்தேன். நெம்புகோல் விகிதத்தால் அது சக்கரத்தில் 14 மி.மீ. ஆயிற்று. இரண்டாம் நாள் ஒரு பெரிய இறக்கத்தின் அடியில் பின் டயர் சீட் குழாயில் உரசி நின்றது. நான் தூக்கியெறியப்பட்டேன், ஃபிரேமின் வண்ணம் உரிந்து உலோகம் தெரிந்தது. அன்று முதல் எந்தச் சைக்கிளைக் கட்டினாலும், ஷாக்கின் காற்றை முழுவதும் இறக்கிவிட்டு, சுருள்வில் என்றால் அதைக் கழற்றிவிட்டு, பின்சக்கரத்தைக் கையால் இறுதிவரை தூக்கிப் பார்க்காமல் நான் ஓட்டுவதில்லை. டயர் எங்கும் தொடுகிறதா, தாழ்த்திய இருக்கையில் இடிக்கிறதா, பின் பிரேக் குழாயும் கியர் கேபிளும் இழுபடுகின்றனவா என்பதெல்லாம் அந்த ஒரு சோதனையில் தெரிந்துவிடும்.

இனி ஃபோர்க். 150க்குப் பதிலாக 170 போட்டால் முன்பக்கம் 20 மி.மீ. உயரும். அதனால் ஸ்டியரிங் கோணம் ஏறக்குறைய ஒரு டிகிரி சாயும். இறக்கத்தில் இது நிதானம் தருவதால் பலரும் இதோடு கணக்கை முடித்துவிடுகிறார்கள். ஆனால் ஃபிரேம் முழுவதும் பின்னோக்கிச் சாய்வதால் சீட் குழாயும் அதே ஒரு டிகிரி பின்னால் போகும்; ஏற்றத்தில் உங்கள் எடை பின்சக்கரத்தின் மேல் விழுந்து முன்சக்கரம் அலையும். பெடல் அச்சு ஆறேழு மி.மீ. உயரும். ரீச் எனப்படும், பெடல் அச்சிலிருந்து ஸ்டியரிங் குழாய்வரை உள்ள கிடைத்தூரம், 10 மி.மீ. அளவுக்குச் சுருங்கும். அளவெடுத்து வாங்கிய ஃபிரேம் வேறொரு ஃபிரேமாகிவிடும். போதாததற்கு, நீண்ட ஃபோர்க் ஸ்டியரிங் குழாயின் மூட்டில் கூடுதல் நெம்புவிசையைச் செலுத்துவதால், தயாரிப்பாளர் அனுமதித்த அளவைத் தாண்டினால் உத்தரவாதமும் போய்விடும். 160 வரை அனுமதி இருந்தால் 160 போடுங்கள். 170தான் வேண்டும் என்றால், அதற்கென்று வடிவமைக்கப்பட்ட, பின்னாலும் 160 மி.மீ. அசையும் ஃபிரேமைத் தேடுவதே நேர்மையான வழி.

பழைய சக்கரங்களை விட்டுவிட வேண்டியிருக்கும் என்றே நினைக்கிறேன். இன்றைய மலைச் சைக்கிள் ஃபிரேம்களில் பெரும்பாலானவை பின்னால் 148 மி.மீ. அகல ஹப்பையும் (சக்கரத்தின் நடுப்பகுதி), ஃபோர்க்குகள் 110 மி.மீ. ஹப்பையும் கேட்கின்றன. உங்கள் பழைய ஹப் 142 ஆக இருந்தால் ஆறு மி.மீ. குறைகிறது. இடைத்துண்டு வைத்து நிரப்பும் வழிகள் இருக்கின்றன. அவற்றில் டிஸ்க்கை நகர்த்தி ரிம்மையும் நடுவுக்குத் திருத்த வேண்டிவரும். அடுத்தது கேசட்டை ஏற்கும் உருளை. பத்துப் பல்லில் தொடங்கும் 12 வேக கேசட் பழைய வகை உருளையில் ஏறாது. ஷிமானோவின் கேசட்டுக்கு மைக்ரோ ஸ்ப்லைன், ஸ்ராமின் கேசட்டுக்கு எக்ஸ்டி (XD) என்று தனித்தனி உருளைகள் வேண்டும். ஃபிரீஹப் எனப்படும் இந்த உருளையை மட்டும் மாற்ற முடிகிற ஹப் என்றால் பிழைத்தீர்கள். கியரை மாற்றும் டிரெய்லியரைத் தாங்கும் ஹேங்கரையும் இப்போதே பார்த்துவிடுங்கள். 2019இல் ஸ்ராம் அறிமுகப்படுத்திய பொது ஹேங்கர் உங்கள் ஃபிரேமில் இருந்தால், அது வளைந்தால் மாற்று தேடி அலைய வேண்டியதில்லை.

பற்சக்கரம் பற்றி ஒரு சிறு விலகல். முன் பற்சக்கரத்தின் அளவை ஏற்றத்தின் கடினத்தை வைத்து மட்டுமே எல்லோரும் தேர்கிறார்கள். பெடலை மிதிக்கும்போது செயினின் இழுவிசை பின்சக்கரத் தண்டுகளின் வழியே சஸ்பென்ஷன் அமிழ்வதை எதிர்த்து நிற்கிறது. செயின் எந்தக் கோட்டில் இழுக்கிறது என்பதைப் பொறுத்து அந்த எதிர்ப்பு கூடும், குறையும். பெரும்பாலான ஃபிரேம்களில் சிறிய பற்சக்கரம் போட்டால் எதிர்ப்பு கூடும். ஒரு குறிப்பிட்ட பல் எண்ணிக்கையை மனத்தில் வைத்தே வடிவமைப்பாளர் கீல்களின் இடத்தை முடிவு செய்திருப்பார். அது 32 என்றால் நீங்களும் 32இலோ அதற்கு ஒரு படி அருகிலோ இருங்கள்.

எடையைக் குறைக்கும் ஆசையில் டயரிலும் பிரேக்கிலும் கை வைத்திருப்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. இறக்கங்களை விரும்புகிறவருக்கு மெல்லிய பக்கச்சுவர் கொண்ட பின் டயர் ஒரு கூர்மையான கல்வரைதான் தாங்கும். அந்த வெட்டை உள்ளே ஊற்றிய அடைப்புத் திரவம் மூடாது. 30 மி.மீ. உள்ளகலம் கொண்ட ரிம், 2.4 அங்குல டயர், பின்னால் ஒரு படி தடித்த பக்கச்சுவர், டியூப் இல்லாமல் முன்னால் 20, பின்னால் 23 பிஎஸ்ஐ அளவில் தொடங்குங்கள். உங்கள் எடைக்கு இந்தக் குறைந்த காற்றழுத்தமே சஸ்பென்ஷனின் முதல் 10 மி.மீ. போல வேலை செய்யும். முன் பிரேக்குக்கு நான்கு பிஸ்டனும் 200 மி.மீ. டிஸ்க்கும் வையுங்கள், நீண்ட இறக்கத்தில் டிஸ்க் சூடாகி விரல்கள் வலிக்கத் தொடங்கும்போது, மிச்சப்படுத்திய நூறு கிராம் எதற்கும் உதவாது. பிரேக்கில் ஊற்றும் திரவம் டாட் வகையா மினரல் ஆயிலா என்று பார்த்து அதையே ஊற்றுங்கள்; மாற்றி ஊற்றினால் உள்ளிருக்கும் ரப்பர் வளையங்கள் கெட்டு பிரேக்கே போய்விடும். கார்பன் ஹேண்டில்பார் தாராளமாக வாங்கலாம். ஆனால் வெட்டுவதற்கு முன் சில வாரங்கள் முழு அகலத்தில் ஓட்டிப் பாருங்கள். ஹேண்டில்பாரைப் பிடிக்கும் ஸ்டெம்மின் போல்ட்டுகளை, ஸ்டெம்மின் மேலேயே எழுதியிருக்கும் அளவுக்கு, பெரும்பாலும் 5 நியூட்டன் மீட்டருக்கு, டார்க் ரெஞ்சால் முறுக்குங்கள். கை உணர்வை நம்ப வேண்டாம். சஸ்பென்ஷன் கீல்களின் போல்ட்டுகளுக்கும் இது பொருந்தும். அவற்றின் அளவுகள் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் வேறு வேறு.

நண்பர்கள் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. முழு சைக்கிளில் இந்தப் பொருத்தங்களையெல்லாம் வேறொருவர் உங்களுக்காகப் பார்த்து முடித்திருப்பார். பாகங்களைத் தனித்தனியே வாங்கினால் ஆகும் மொத்தச் செலவும் கூடுதல். ஆனால் அந்த வேறொருவர் உங்கள் 62 கிலோவைத் தெரிந்துவைத்திருக்க மாட்டார். எடை குறைந்தவர்கள் கடைச் சைக்கிளில் பாதி சஸ்பென்ஷனைக்கூடப் பயன்படுத்தாமல் ஓட்டிக்கொண்டிருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அதனால் கட்டுங்கள் என்றே சொல்வேன்.

உங்கள் பட்டியலில் இல்லாத ஒரு பாகம் பொத்தானை அழுத்தினால் தாழும் சீட் போஸ்ட். அதை வாங்குமுன் ஃபிரேமின் சீட் குழாய்க்குள் ஒரு நேரான கம்பியை விட்டு, அது எவ்வளவு ஆழம் தடையின்றி இறங்குகிறது என்று அளந்துவிடுங்கள். பல முழு சஸ்பென்ஷன் ஃபிரேம்களில் ஷாக்குக்காகவோ கீலுக்காகவோ அந்தக் குழாய் நடுவில் வளைந்திருக்கும். குழாயின் உள்விட்டம், இந்த ஆழம், உங்கள் கால்நீளம், ஃபிரேமின் ஷாக் அளவு ஆகிய நான்கையும் எழுதி அனுப்புங்கள். எந்த நீளப் போஸ்ட் உள்ளே போகும் என்பதை அடுத்த கடிதத்தில் பார்ப்போம்.

அன்புடன்.